மலைவழியும் மலைவாழ்நரும்: ஊவாவின் பயணக் குறும்படங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

பத்துப்பாட்டைப் பயின்ற மாணவர் யாவரும் ஆற்றுப்படை இலக்கியத்தின் இயல்பை அறிவர். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்கு வழிகூறுவது அது. இன்ன வழியிற் செல்க, இன்ன இடத்தில் இடர் உண்டு, இன்னார் உணவளித்து ஓம்புவர் என்று முறையே எடுத்துரைப்பது அதன் அமைப்பு. ஆற்றுப்படை நூல்களுள் மலைவழியை மிக விரிவாகக் கூறுவது, இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய மலைபடுகடாம் ஆகும். 583 அடிகளைக் கொண்ட அப்பாட்டை இக்காலத்துப் பயணக் குறும்படங்களோடு ஒருங்கு வைத்து நோக்குதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதும், நம் ஊவா மலைநாட்டைக் காட்டும் படங்களை மதிப்பிடுதற்கு அதனினும் சிறந்த அளவுகோல் நமக்கு இல்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண் பொருளை வரையறுத்துக் கொள்வோம். மலையேறுதல், நெடுநடை, அருவியிற் குதித்தல், பாறையிற் கயிறுகொண்டு இறங்குதல் முதலாய துணிவு விளையாட்டுக்களையும் திறந்தவெளிப் பயணங்களையும் பொருளாகக் கொண்ட படங்கள் இன்று உலகெங்கணும் தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. இவ்வகையின் வேர் பழையது. இத்தாலியின் திரெந்தோ நகரில் மலைப்படங்களுக்கென 1952இலேயே விழாவொன்று தொடங்கிற்று. கனடாவின் பான்ஃப் நகர விழா 1976இல் தொடங்கியது. அவற்றுக்கும் முன்னர், 1924ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவோடு ஜோன் நோயல் என்பார் கமராவைச் சுமந்து சென்று, மலோரியும் இர்வினும் மீளாது மறைந்த அப்பயணத்தைப் படமாக்கினார். கமராவும் ஒளிப்படச் சுருளும் அருஞ்செல்வமாக இருந்த காலம் அது. இன்றோ கையடக்கத் தொலைபேசியும், ட்ரோன் எனப்படும் ஆளில்லாப் பறக்குங் கமராவும் உடையார் யாவரும் படம் எடுக்க வல்லவராயினர். ஆதலின் இவ்வகைப் படங்கள் நாள்தோறும் பெருகுகின்றன. அவற்றுட் கணிசமானவை எடுக்கப்பெறும் இடங்களுள் ஒன்று பதுளை மாவட்டம்.

ஊவாவைக் காட்டும் இக்குறும்படங்கள் பலவற்றை அடுத்தடுத்துப் பார்ப்பார்க்கு அவற்றிடையே ஓர் ஒழுங்கு விரைவிற் புலனாகும். விடியலில் மூடுபனி விலகும். லிட்டில் அடம்ஸ் பீக் எனப்படும் சிறுகுன்றின் உச்சியில் இளைஞர் ஒருவர் கைகளை விரித்து நிற்பார். கமரா அவரை விட்டு மேலெழுந்து பள்ளத்தாக்கை அளாவும். அடுத்து எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தின்மீது புகையிரதம் ஊரும். பின்னர்த் தியலும நீர்வீழ்ச்சியின் தலைப்பிலுள்ள தடாகங்கள், கம்பிவடத்திற் சறுக்கி இறங்குவோரின் ஆரவாரம், மடுல்சீமையில் மலைவிளிம்பில் அமைத்த கூடாரம், இறுதியில் தம்பத்தன்னைக்கு மேலுள்ள லிப்டன் இருக்கையிலிருந்து காணும் மலைத்தொடர். இவற்றிடையே எங்கேனும் ஓரிடத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் முகம் ஓரிரு நொடி தோன்றும். அவள் நகைப்பாள், படம் மேற்செல்லும்.

இவற்றின் சிறப்புக்களைக் கூறாது குறையை மட்டும் கூறுதல் திறனாய்வு ஆகாது. நம் மலைகளை வானிலிருந்து காணும் பேறு நம் முன்னோர்க்கு வாய்த்ததில்லை. தெமோதரையில் புகையிரதப் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தினுட் புகும் விந்தையைத் தரையில் நின்று நோக்குவார்க்கு முழுதும் விளக்குதல் அரிது. மேலிருந்து எடுத்த ஒரு காட்சி அதனை நொடியில் விளக்கி விடுகின்றது. இப்படங்களாற் கவரப்பட்டு வரும் பயணிகளால் வழிகாட்டிகளும் முச்சக்கரவண்டி ஓட்டுநரும் விடுதியாளரும் வருவாய் பெறுகின்றனர். இவை யாவும் நன்றே. எனினும் படைப்பு என்ற முறையில் இவற்றை ஆராயுமிடத்து மூன்று வினாக்கள் எழுகின்றன. இவ்வழியில் நடப்பவர் யார்? இம்மலையிற் கேட்கும் ஒலி யாது? இவ்வழியோரத்தில் நிற்கும் நினைவுக் கற்கள் யாருடையவை? இம்மூன்று வினாக்களும் மலைபடுகடாம் நமக்குக் கற்பிப்பவை.

முதலாவது வினாவை எடுத்துக் கொள்வோம். பெருங்கௌசிகனாரின் மலை ஆளற்ற மலையன்று. பன்றியைப் பிடிக்க வழியிற் பொறி அமைத்திருப்பர் என்றும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு விலகிச் செல்லுதல் வேண்டும் என்றும், வழுக்கும் இடங்களில் ஒருவரை ஒருவர் காத்து நடத்தல் வேண்டும் என்றும் அவர் கூறுவார். ஆங்கே இடரும் மனிதரோடு தொடர்புடையது. உதவியும் மனிதரிடமிருந்தே வருவது. குறவர் குடிகள் வந்தாரை உறவினர்போல் ஏற்று உண்பிக்கும் செய்தி அப்பாட்டின் உயிர்நிலையாக அமைந்துள்ளது. இக்காலக் குறும்படங்களிலோ மலை வெற்றிடமாகக் காட்டப்படுகின்றது. நடப்பவர் ஒருவரே வீரர்; ஏனையோர் காட்சியின் அணிகலன்.

தோட்டத்து வழக்கில் ‘மலை’ என்னுஞ் சொல்லுக்கு உள்ள பொருளை ஈண்டு நினைத்தல் தகும். காலையிற் பிரட்டுக்களத்தில் நிற்கும் தொழிலாளிக்கு மலை என்பது அன்று தாம் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலைப் பரப்பு. அதற்கு இலக்கமோ பெயரோ உண்டு. பயணிக்கு எது காட்சியோ அது அவருக்குப் பணியிடம். வழுக்குப் பாறையும் அட்டையும் குளவியும் செங்குத்தான சரிவும் இருவர்க்கும் ஒன்றே. ஒருவர் அவ்விடரைத் தேடிச் சென்று ஒருநாள் ஏற்கின்றார்; மற்றவர் தேடாமலே நாள்தோறும் ஏற்கின்றார், அதுவும் முதுகிற் கூடையோடு. துணிவைப் பாடவந்த கலை, இவ்விரண்டனுள் முன்னதை மட்டும் துணிவு எனப் போற்றிப் பின்னதைப் புன்னகையாக மட்டும் காட்டுமாயின், அது தன் பொருளையே பாதி மறந்ததாகும்.

இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் நாட்டுப் பயணப் படங்களின் தலையூற்றாகக் கருதத்தக்கது பசில் ரைட் 1934இல் இங்கு வந்து எடுத்த ‘சோங் ஒப் சிலோன்’ என்னும் விவரணப்படம். ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஓடும் அப்படம் தேயிலைப் பிரசார சபையின் பொருளுதவியால், நான்கு சிறு பயணப் படங்களாக எடுக்கத் திட்டமிடப்பட்டுப் பின்னர் நான்கு பகுதிகளையுடைய ஒரு படமாக உருப்பெற்றது. 1681இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்த உரையை நம் நாட்டவராகிய லயனல் வென்ற் தம் குரலில் வாசித்தார். இசையமைத்தவர் வோல்ற்றர் லீ. 1935இல் பிரசெல்ஸ் விழாவில் அது முதற்பரிசு பெற்றது.

அப்படத்தின் முதற் பகுதி ஒரு மலைப்பயணமே. நாம் சிவனொளிபாத மலை என வழங்கும் மலையில் அடியார்கள் ஏறுகின்றனர். முதியோரும் இளையோரும் படிப்படியாக ஏறியும், களைத்து இருந்தும், மீண்டும் எழுந்தும் செல்வதைக் கமரா பொறுமையோடு நோக்குகின்றது. உச்சியில் மணி ஒலிக்க, அவ்வொலியோடு பறவையொன்று பறக்கும் காட்சி வேறு காட்சிகளோடு இழைந்து விரிகின்றது. மலையேறுதல் என்பது ஒருவர் தம் வலிமையை நாட்டும் செயலன்று, பலர் கூடித் தம்மைச் சிறியராக உணரும் செயல் என்பதை இத்துணை எளிமையாகக் காட்டிய படங்கள் சிலவே. ஆனால் மூன்றாம் பகுதிக்கு வந்தால் நிலை மாறுகின்றது. ‘வணிகத்தின் குரல்கள்’ எனப் பெயரிய அப்பகுதியில் தேயிலை பறிப்போர் தோன்றுகின்றனர். அவர்கள்மீது ஒலிப்பன சந்தை விலைகளும் வணிகக் குரல்களுமே. இம்முரண் ரைட் அறிந்தே அமைத்தது. வணிகம் மனிதக் குரலை மூடிவிடுகின்றது என்பதை அவர் காட்டினார் எனலாம். அது நுட்பமான திறனே. எனினும் மூடப்பட்ட அக்குரல் யாது, அவர்கள் எம்மொழி பேசினர், எவ்வழியாக அம்மலைக்கு வந்தனர் என்பன படத்தில் இடம்பெறவில்லை. சிவனொளிபாதம் ஏறுவோர்க்கு ஒரு பயணம் உண்டு. கொழுந்து பறிப்போர்க்குப் பயணமே இல்லாததுபோல் அவர்கள் மலையோடு மலையாக நிற்கின்றனர்.

உண்மையில் நம் நாட்டின் மிக நெடிய, மிக இடர் நிறைந்த நடைப்பயணங்களுள் ஒன்று அவர்களுடையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்களைப் பின்தொடர்ந்து ஒரு கமரா செல்லவில்லை. அக்காலத்தில் அஃது இயலாததுமாம். ஆனால் இன்று அவர்கள் வழித்தோன்றல்களின் ஊடே நடக்கும் கமரா, அந்நடையை நினையாது செல்வதற்கு அக்காரணம் பொருந்தாது.

எவரெஸ்ட் படங்களின் வரலாறு இதற்கு ஒப்புமை தருகின்றது. 1922ஆம் ஆண்டுப் பயணத்தின்போது பனிச்சரிவில் மாண்ட ஏழு பேரும் சுமை சுமந்து சென்ற உள்நாட்டு மலைவாணரே. ஆயினும் நெடுங்காலம் அம்மலைப் படங்களில் ஏறுவோர் வீரராகவும் சுமப்போர் பின்னணியாகவும் இருந்தனர். 1953இல் டென்சிங் ஹிலாரியோடு உச்சியை அடைந்தபின் இந்நிலை ஓரளவு மாறிற்றேனும் முற்றும் மாறவில்லை. 2015இல் வெளிவந்த ‘ஷெர்பா’ என்னும் படத்தில் ஜெனிஃபர் பீடம் என்னும் அம்மையார் கமராவைச் சுமப்போர் பக்கம் திருப்பினார். 2014 ஏப்ரல் 18இல் பனிப்பாளம் சரிந்து பதினாறு பேர் இறந்தமையும், அதன்பின் ஷெர்பாக்கள் ஏற மறுத்தமையும் அப்படத்தின் நடுநாயகமாயின. மலையின் அழகு அதனாற் சிறிதும் குறையவில்லை. யாருடைய உழைப்பின்மீது நின்று அவ்வழகைக் காண்கின்றோம் என்பது மட்டும் தெளிவாயிற்று. நம் மலைப்படங்களுக்கு அத்தகைய திருப்பம் இன்னும் நேரவில்லை.

இனி ஒலியைப் பற்றிய இரண்டாவது வினா. மலையை யானையாகவும் அதில் எழும் ஒலிகளை யானையின் கடாமாகவும் உருவகித்தமையாலேயே மலைபடுகடாம் அப்பெயர் பெற்றது. புலவர் வரிசைப்படுத்தும் ஒலிகளுள் அருவியும் விலங்கும் எழுப்புவன சில. தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, புலியாற் புண்பட்ட கணவனுக்குக் காப்பாக மனைவி பாடும் பாட்டு, கரும்பாலையின் ஓசை என மாந்தர் உழைப்பிலும் துயரிலும் எழுவன பல. மலையின் ஓசை என்பது மலைவாழ்நரின் ஓசையுமாம் என்பது அவர்தம் கொள்கை. நாம் கூறும் குறும்படங்களிற் பலவோ முதலிலிருந்து இறுதிவரை எங்கோ பதிவான இசையொன்றால் நிரப்பப்பட்டுள்ளன. அவற்றின் ஒலியை நீக்கி வேறு நாட்டு மலைப்படத்தின் ஒலியைச் சேர்ப்பினும் வேறுபாடு தோன்றாது. பிரட்டுக்குரிய தப்போசை, கோயிற் காமன்கூத்தின் பாட்டு, கொழுந்து நிறுக்குமிடத்து எழும் வாக்குவாதம், லயத்து வாசலில் குழந்தையை அழைக்கும் பாட்டியின் குரல் ஆகிய ஒன்றேனும் அவற்றிற் கேட்பதில்லை. இயற்கையின் அமைதி எனப் படம் பாராட்டுவது பெரும்பாலும் ஒலிப்பதிவாளர் ஏற்படுத்திய அமைதியே.

மூன்றாவது வினா நினைவைப் பற்றியது. மலைபடுகடாம் வழிச்செல்வோர்க்கு நடுகற்களைக் காட்டி, பெயர் பொறித்து நட்ட அக்கற்களை வணங்கிச் செல்லுமாறு கூறுகின்றது. வழியின் அழகு கூறும் புலவன் வழியில் மாண்டாரையும் கூறுதல் கடன் எனக் கருதினான். ஊவாவில் இந்நடுகற்கள் எங்கே?

ஒன்று புகையிரதப் பாதை. பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலும் வந்தடைந்த இப்பாதையில், மலையக மக்கள் ‘கோச்சி’ என வழங்கும் வண்டியின் வாயிலிற் சாய்ந்து நின்று படம் எடுத்தல் இன்று பெருவழக்கு. அது உயிருக்கு ஊறு விளைக்கும் செயல் என்பது ஒருபுறமிருக்க, அவ்வாயிலுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோருள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. அதன்படி புறப்பட்ட குடும்பங்கள் மலைநாட்டு நிலையங்களில் உற்றாரைப் பிரிந்து கோச்சியேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தன. தாய் ஒருபாலும் மகள் மறுபாலுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. அன்று அவ்வாயிலிற் சாய்ந்தோர் மலையைக் கடைசி முறையாகப் பார்த்தனர். இதனை அறிந்த ஒருவர் அதே வாயிலில் ஒரு கமராவை நிறுத்துவாராயின், ஒரு சொல்லும் கூறாமலே அக்காட்சி வேறொன்றாகிவிடும்.

மற்றொன்று கொஸ்லந்தை. 220 மீற்றர் உயரமுடைய தியலுமவுக்குச் செல்லும் பெருவழி அவ்வூரினூடே செல்கின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை அதனருகேயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பிள்ளைகள் பாடசாலை சென்றிருந்த வேளையிற் பெற்றோர் மண்ணுட் புதைந்தனர். அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மக்களுக்கு மாற்றிடம் மட்டும் உரிய காலத்தில் வாய்க்கவில்லை. தியலுமவை நாடிச் செல்லும் படங்கள் அவ்வழியைக் கடக்கும்போது கமராவை மூடிவைத்து விடுகின்றன. அருவியைக் காட்டும் படம் மண்சரிவை விளக்கும் படமாதல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. அருவியையும் சரிவையும் விளைப்பது ஒரே மலையும் ஒரே மழையுமே. அவற்றுள் ஒன்றை மட்டும் காட்டுவது மலையைப் பற்றிய பொய்யாகும் என்பதே நாம் கூறுவது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். விளையாட்டையும் மகிழ்ச்சியையும் நாடி எடுத்த சிறுபடத்தின்மீது வரலாற்றுச் சுமையை ஏற்றுதல் முறையோ? எல்லாப் படமும் துயரப்படம் ஆதல் வேண்டுமோ? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. தோட்டத்தாரைக் காட்டுவதாகக் கூறி அவர்தம் வறுமையை மட்டும் இரக்கப் பொருளாக்கும் படங்களும் உள. கிழிந்த கூரையையும் கண்ணீரையும் அடுக்கும் அவை புன்னகையை மட்டும் காட்டும் படங்களைவிட மேலானவை அல்ல. இரண்டிலும் தோட்டத்து மனிதர் பார்க்கப்படுவோரே, பார்ப்போர் அல்லர். மலைபடுகடாம் இவ்விரு வழுவும் இன்றி நிற்கின்றது. அது மகிழ்ச்சிப் பாட்டே. விருந்தும் இசையும் அதன்கண் நிறைந்துள்ளன. ஆயினும் குறவரை அது இரக்கத்துக்குரியராகக் காட்டவில்லை. வழியை நன்கறிந்தவராகவும், வருவார்க்கு ஈயும் செல்வமுடையவராகவும் காட்டுகின்றது. பயணப்படத்துக்கு வேண்டுவது இந்நோக்கே.

இதற்குரிய களம் நம்மிடம் ஆயத்தமாகவே உள்ளது. அண்மை ஆண்டுகளில் ‘பீக்கோ ட்ரெயில்’ என்னும் நடைவழி, ஹந்தானையிற் தொடங்கி, ஊவாவின் ஹப்புத்தளை, எல்ல, தெமோதரைப் பகுதிகளைத் தொட்டு நுவரெலியாவில் முடியுமாறு 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்தில் அமைக்கப்பட்டது. அது பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளை இணைத்தே செல்கின்றது. அப்பாதைகளை வெட்டியோரும் நாள்தோறும் அவற்றில் நடந்தோரும் யாவர் என்பதை நாம் கூறவேண்டுவதில்லை. இந்நடைவழி புகழ்பெறத் தொடங்கிய காலத்திலேயே, 2023 ஜூலை இறுதியில், மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைந்து பலர் தலைமன்னாரிலிருந்து நடக்கத் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். முன்னோர் நடந்த வழியை நினைவுகூர்ந்த நடை அது. இவ்விரு நடைகளையும் ஒருங்கு நோக்கும் படம் ஒன்று எழுமாயின் அதுவே இக்காலத்துக்குரிய கூத்தராற்றுப்படை ஆகும்.

அன்றியும் ஊவா மாகாணத்திலேயே கதிர்காமம் உள்ளது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடியார்கள் வாரக்கணக்காக நடந்து அங்குச் செல்லும் பாதயாத்திரை, துணிவும் உடல்வலியும் வழித்துணையும் ஒருங்கே வேண்டும் பயணமன்றோ? யாலக் காட்டினூடே வெறுங்காலுடன் நடக்கும் முதியவளை விளையாட்டு வீரர் என எவரும் அழைப்பதில்லை. அவளும் அதனை விரும்பாள். ஆயினும் பயணம் மனிதரை எவ்வாறு மாற்றுகின்றது என அறிய விழையும் கலைஞர் அவளிடம் கற்க வேண்டியன பல.

எழுத்துத் துறையில் இப்பணி நடைபெறாமல் இல்லை. பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றிற் பிறந்த தெளிவத்தை ஜோசப் (1934–2022) மலையக வாழ்வை உள்ளிருந்து நோக்கிச் சிறுகதை படைத்தார், வீ. பி. கணேசன் தயாரித்து 1975இல் வெளிவந்த ‘புதிய காற்று’ திரைப்படத்துக்கும் கதை தந்தார். பேனா செய்ததைக் கமரா செய்வதற்கு இன்று பெரும்பொருள் வேண்டுவதில்லை. நம் மாணவர் பலர் கையில் அக்கருவி இருக்கின்றது. அவர்கள் அறிந்த வழிகள் வேறெவரும் அறியாதவை. எந்தப் பாறை மழையில் வழுக்கும், எந்தச் சரிவில் ஓடை திசைமாறும், எந்த வளைவில் யாருடைய பாட்டன் புதைக்கப்பட்டான் என்பன அவர்கள் இல்லங்களிற் பேசப்படும் செய்திகள்.

ஆதலின் நம் முடிபு இது. ஊவாவின் மலைகளைக் காட்டும் படத்தை, அது எத்துணை உயரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதாலன்றி, வழியையும் வழியிலுள்ளாரையும் எத்துணை அறிந்தது என்பதால் மதிப்பிடுதல் வேண்டும். கூத்தனுக்கு வழிகூறிய கூத்தன் தானே அவ்வழி நடந்து மீண்டவன். அவ்வழி நாள்தோறும் நடப்போரின் மக்களே இனி அதனைப் படமாக்கிக் கூறுதல் முறை. விருந்தினர் எடுத்த படங்கள் நம்மிடம் நிறைய உள. வீட்டார் எடுக்கும் படத்துக்கே காலம் காத்திருக்கின்றது.